என்னைப் பத்தி நானே எப்படிங்க மிஸ் சொல்றது?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஆண்டவன் ரெண்டு தொண்டை கொடுத்திருக்க வேண்டும். ஒன்று இங்கிலீஷுக்கு, இன்னொன்று கத்துவதற்கு.

டியூஷன் டீச்சர்களே, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்களே, வளர்ந்த மனுஷர்களுக்கு எதையாவது கற்றுக்கொடுத்துப் பிழைக்கிற என் இனத்து ஜனங்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும். சின்னப் பிள்ளைகள் என்றால் ஒரு முறைப்பு முறைத்தால் போதும். மீசை நரைத்தவரை எப்படி முறைப்பது?

சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்கு மேலே எனக்கு ஒரு மாடி ரூம். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு வகுப்பு. கீழே பப்ஸ் வேகிற வாசனை படியேறி வரும். அதையும் மீறி மேலே படிப்பு நடக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக நடத்துகிறேன்.

இலக்கணத்தைக்கூட எப்படியோ உருட்டித் தள்ளிவிடலாம். மனுஷர்களின் குணத்தைச் சொல்கிற வார்த்தைகள் என்று ஒரு பாடம் வரும் பாருங்கள், அங்கேதான் என் பிராணன் போகும். தங்கமானவர், பிடிவாதக்காரர், சிடுமூஞ்சி, கூச்சக்காரி என்று ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் அஞ்சாறு வார்த்தை. ஆளுக்குத் தகுந்த வார்த்தையைப் பொறுக்கி எடுத்துப் பேசிப் பழக வேண்டும். எங்கள் கொங்கு ஜனங்களோ அடுத்தவரை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லமாட்டார்கள், தன்னை ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லமாட்டார்கள். நடுவில் நின்று நான் என்ன பாடத்தை நடத்துவது?

போன பேட்ச்சில் இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு ஆறு வாரம் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

தடையும் தேங்காய் பன்னும்

முதல் வாரமே ‘குட்’, ‘நைஸ்’ ரெண்டு வார்த்தைக்கும் தடை போட்டேன். பின்னே என்ன? அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ‘வெரி குட்’. வீட்டுக்காரம்மாவைப் பற்றிக் கேட்டால் ‘வெரி குட்’. மேலதிகாரியைக் கேட்டால் ‘வெரி வெரி குட்’. பக்கத்து வீட்டு நாய்கூட ‘வெரி நைஸ்’. கைண்ட் இருக்கிறது, ஜெனரஸ் இருக்கிறது, கன்ஸிடரேட் இருக்கிறது. போர்டில் இருபது வார்த்தை எழுதிப் போட்டிருக்கிறேன், ஒருத்தர் கண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை. எரிச்சலில் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் ‘குட்’ சொன்னவர் அப்போதே கீழே இறங்கிப் போய் வகுப்புக்கே தேங்காய் பன் வாங்கி வர வேண்டும்.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவர் தங்கவேலு அண்ணன். அன்னூர்க்காரர், வயசு ஐம்பத்திரண்டு, தோட்டமும் கோழித்தீவனக் கடையும் வைத்திருக்கிறார். மூணு நாள் தொடர்ந்து ‘குட்’ சொன்னார், மூணு நாளும் பன் வந்தது. நாலாவது நாள் வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பொட்டலத்தோடு படியேறி வந்தார். “அண்ணா, இன்னைக்கு நீங்க இன்னும் வாயே திறக்கலையே” என்றேன். பொட்டலத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தார்.

“எப்படியும் சொல்லத்தானுங்க போறேன் மிஸ், சூடு ஆறறதுக்குள்ள எல்லாரும் ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க.”

ஆறு வருஷத்துப் பங்காளி

அடுத்த பாடம், பிடிவாதம். ஸ்டப்பர்ன், அடமன்ட், ஆப்ஸ்டினேட் என்று போர்டில் வரிசையாக எழுதினேன். உங்கள் சொந்தத்தில் ஒரு பிடிவாதக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள், அவரைப் பற்றி அஞ்சு வாக்கியம் பேசுங்கள் என்றேன். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. தங்கவேலு அண்ணனுக்கும் அவர் பெரியப்பா மகனுக்கும் தோட்டத்து வரப்பு விஷயமாக ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். பன் சாப்பிடும்போது அவரே சொன்னதுதான். சரி, இதைவிட வாகான ஆள் கிடைக்கமாட்டார் என்று அவரை எழுப்பினேன்.

எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். “மை பிரதர் இஸ் எ... ஜென்டில்மேன்” என்றார். அண்ணா, பிடிவாதம், பிடிவாதம் என்று எடுத்துக்கொடுத்தேன். “ஹி இஸ் ஆல்சோ ஸாஃப்ட் ஸ்போக்கன்” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “உங்க வரப்புக் கல்லைப் பிடுங்கி மூணடி தள்ளி நட்டவர் எப்படிண்ணா ஜென்டில்மேன் ஆவார்? ஆறு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசாதவரை இப்படியா தாங்குவீங்க?” என்று கத்திவிட்டேன். அவர் முகத்தில் ஒரு கோபமும் இல்லை.

“பேச்சுவார்த்தைதானுங்க மிஸ் இல்லை, மரியாதையெல்லாம் அப்படியேதானுங்க இருக்குது.”

சிறப்பு விருந்தினர் வந்தார், போனார்

அண்ணன் எதற்கு இங்கிலீஷ் படிக்க வந்தார் என்று சொல்லவில்லையே. அவர் ஒரு சேவைச் சங்கத்துக்கு அந்த வருஷம் செயலாளர். மாசம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு சிறப்பு விருந்தினர். அவரை இங்கிலீஷில் அறிமுகப்படுத்திப் பேசுவது செயலாளரின் வேலை. அந்த மாசம் ஒரு பல் டாக்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். தடை போட்ட வார்த்தையை விட்டு வேறு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். ஜெனரஸ், பெனவொலன்ட், மேக்னானிமஸ் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, இதில் ரெண்டு மூணு மட்டும் எடுத்துக்குங்க என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

மனுஷன் ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு வார்த்தையை விட்டால் விருந்தாளிக்குக் குறையாகப் போய்விடுமாம். தாராள மனசு என்பதற்கு இருக்கிற எல்லா வார்த்தையையும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் சொல்லி, அந்த டாக்டர் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல் பார்த்ததிலிருந்து பார்க்கிங்கில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினது வரைக்கும் சொல்லி, இருபத்தஞ்சு நிமிஷம் பேசியிருக்கிறார். டாக்டர் எழுந்து மைக்கைப் பிடித்தபோது மணி ஆகிவிட்டது, பின்னால் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. டாக்டர் சொன்ன ஒரே வாக்கியத்தை அண்ணன் மறுநாள் பெருமையாக வந்து என்னிடம் ஒப்பித்தார்.

“என்னைப் பத்தி எனக்கே தெரியாததெல்லாம் செயலாளர் சொல்லிட்டாருங்க, இனி நான் பேசி அதைக் கெடுத்துக்க வேண்டாம்னு பாக்கறேன்.”

இடது பக்கமும் வலது பக்கமும்

இப்போது மல்லிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பேட்ச்சில் எனக்கு நிஜமான வெசனம் கொடுத்தது மல்லிகாதான்.

சூலூர்க்காரி, முப்பத்தெட்டு வயசு. ஒரு பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில் பன்னிரண்டு வருஷமாக வேலை. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனிக் கோட்டோடு பஸ் ஏறி நேராக வகுப்புக்கு வருவார். அந்த செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. இண்டர்வியூ இங்கிலீஷில்தான், வெளிநாட்டு ஆட்கள் வந்து போகிற இடமாம். மல்லிகா ஏற்கெனவே ரெண்டு தடவை போய், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற முதல் கேள்வியிலேயே கவிழ்ந்து வந்திருக்கிறார். முதல் தடவை வாயே திறக்கவில்லை. ரெண்டாம் தடவை, எல்லாரும் சேர்ந்து செய்யறதுதானுங்க, நான் தனியா ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். ரெண்டு தடவையும் வெளியிலிருந்து ஒருத்தரை எடுத்தார்கள். வந்த ரெண்டு பேருக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தது யார்? மல்லிகாதான். இது மூணாவது தடவை. மூணு தடவைக்கு மேல் அந்தக் கம்பெனியில் விண்ணப்பம் வாங்கமாட்டார்களாம். இண்டர்வியூவுக்கு ஆறு வாரம் இருந்தது. இதைவிட்டால் காலம் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நோட்டில் இடது பக்கம் உங்கள் நல்ல குணங்கள், வலது பக்கம் குறைகள், இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் நோட்டு வந்தது. வலது பக்கம் நிறைந்து, அடுத்த தாளுக்குப் போய், அதற்கடுத்த தாளிலும் பாதி வரை குறைகள். ஃபர்கெட்ஃபுல், ஸ்லோ, டிமிட், நெர்வஸ், கேர்லெஸ். சொல்லிக்கொடுக்காத வார்த்தையெல்லாம் தேடிப் பிடித்து எழுதியிருந்தார். ஸ்பெல்லிங் ஒன்றுகூடத் தப்பில்லை. இடது பக்கத்தில் மார்ஜின் கோடு மட்டும் அழகாகப் போட்டிருந்தது. என்ன மல்லிகா இது, பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நல்ல குணம்கூடவா இல்லை என்று கேட்டேன்.

“நல்லதை அடுத்தவங்க சொல்லோணுமுங்க, என்னைப் பத்தி நானே எப்படிங்க மிஸ் சொல்றது?”

மிஸ்ஸுக்கு ஒரு வார்த்தை

சரி, கூச்சம் தெளியட்டும் என்று ஒரு நாள் என்னையே பலி கொடுத்தேன். இன்று யாரும் யாரையும் சொல்ல வேண்டாம், என் குணத்துக்கு ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், உண்மையைச் சொல்லுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன் என்றேன். எனக்கு முன்கோபம் என்று சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் தெரியும். நல்ல மூடில் இருந்தால் வாங்க போங்க. கோபம் வந்தால் வா, போ. பேக்கரிக்காரர் கீழேயிருந்து, “மிஸ், இன்னைக்கு என்ன பாடமுங்க?” என்று கேட்டாரென்றால் என் சத்தம் ரோடு வரை போயிருக்கிறது என்று அர்த்தம்.

தங்கவேலு அண்ணன் ‘எனர்ஜெடிக்’ என்றார். மல்லிகா ரொம்ப நேரம் யோசித்து ‘லவுட்... பட் கைண்ட்’ என்றார். பின் வரிசையில் அன்வர் பாய் இருந்தார். டவுன்ஹால் பக்கம் தாத்தா காலத்திலிருந்து பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கிற கடைக்காரர். அபார்ட்மென்ட் கட்டுகிற இன்ஜினீயர்கள் இங்கிலீஷில் பேரம் பேசுகிறார்கள் என்பதற்காகப் படிக்க வந்தவர். கெட்டிக்காரர். போர்டில் ஷார்ட் டெம்பர்டு, இர்ரிட்டபிள் எல்லாம் என் கையாலேயே எழுதி அவர் கண் முன்னால்தான் இருந்தது. பாய் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடியும் போர்டைப் பார்த்தார். “என்னங்க பாய், வார்த்தை கிடைக்கலையா?” என்றேன்.

“வார்த்தை வந்த உடனே கிடைச்சிருச்சுங்க மிஸ், தைரியந்தான் இன்னும் கிடைக்கலைங்க.”

அடுப்படி இங்கிலீஷ்

மூணு வாரம் போய்விட்டது. மல்லிகாவின் இடது பக்கம் காலியாகவே இருந்தது. பொறுமை போய், நானே பத்து வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். நான் டிலிஜென்ட், நான் மெட்டிக்குலஸ், நான் டிபென்டபிள், அதாவது உழைப்பாளி, ஒரு நுணுக்கத்தையும் விடாதவள், நம்பி ஒப்படைக்கலாம் என்று. இதைத் தைரியமாக, தலையை நிமிர்த்தி, சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள் என்றேன். சத்தமாக என்று நான் சொன்னதுதான் வினையாகிப் போனது.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் நேரம் எங்கே இருக்கிறது? காலையில் இட்லி வேகிற அந்தப் பத்து நிமிஷம்தான். அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன மாதிரியே குரலை உயர்த்தி, “ஐ ஆம் மெட்டிக்குலஸ்! ஐ ஆம் டிபென்டபிள்!” என்று நாலு நாள் போட்டிருக்கிறார். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே இதைக் கேட்டிருக்கிறார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மருமகள் நாலு நாளாக அடுப்படியில் நின்று யாரையோ வாங்கு வாங்கு என்று வாங்கினால் பாவம் அவர்தான் என்ன நினைப்பார்? அஞ்சாம் நாள் கீரையை வைத்துவிட்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். வந்து சொன்னதை மல்லிகா வகுப்பில் சொல்லிக் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

“அம்மணி, என்னையத் திட்டறதுன்னா தமிழ்லயே திட்டு, நானும் பதில் சொல்லோணுமல்ல?”

நான் கத்திய நாள்

இண்டர்வியூவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது வகுப்பிலேயே ஒரு மாதிரி இண்டர்வியூ வைத்தேன். நானும் அன்வர் பாயும் அதிகாரிகள். மல்லிகா எதிரே உட்கார்ந்தார். மனப்பாடம் அட்சரம் பிசகவில்லை. ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே! போலீஸ் ஸ்டேஷனில் திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி. “ஐ ஆம் டிலிஜென்ட்டுங்க.” தலை குனிந்தது. “ஐ ஆம் டிபென்டபிளுங்க.” இன்னும் குனிந்தது. பத்தையும் சொல்லி முடித்துவிட்டு, எங்கள் ரெண்டு பேரையும் பார்த்து, “ஸாரி” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். “எதுக்கு ஸாரி? யார் குடியைக் கெடுத்தே இப்ப? இப்படியே கும்பிட்டுக்கிட்டு இரு, மூணாவதா ஒருத்தன் வருவான், அவனுக்கும் சொல்லிக்குடுத்துட்டுக் கம்பியைச் சுத்திக்கிட்டு உக்காந்திரு!” என்று கத்திவிட்டேன். கீழே பேக்கரியில் டீ ஆற்றுகிற சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது. மல்லிகா நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மூணு நாள் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒருத்தர் தாங்கிக்கொண்டிருக்கிற வலியில் நான் ஏறி மிதித்துவிட்டேனே என்று அசிங்கமாக இருந்தது. சூலூருக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்புகிற நேரத்தில், நாலாம் நாள் சாயங்காலம் மல்லிகாவே படியேறி வந்தார். நான் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். கையில் ஒரு பையில் முருங்கைக்காய் வேறு.

“உங்களைக் கோவப்பட வெச்சுப்போட்டேனேன்னு மூணு நாளா மனசே செரியில்லீங்க மிஸ், நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க.”

தப்புச் செய்தவள் நான், மன்னிப்புக் கேட்டது அவர். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

பாய் போட்ட வழி

அன்வர் பாய்தான் ஒரு வழி சொன்னார். “மிஸ், என் கடைப் பூட்டை நல்ல பூட்டுன்னு நானே சொன்னா எவனும் நம்பமாட்டானுங்க. போன வாரம் வாங்கிட்டுப் போன ஆளு சொன்னா நம்புவாங்க. மல்லிகாக்கா தன்னைப் பத்தித் தானா சொல்ல வேண்டாம். கூட வேலை செய்யறவங்க என்ன சொல்றாங்களோ அதைச் சொல்லட்டும்.” மல்லிகாவின் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. ஆகா, அடுத்தவர் சொன்னதைச் சொல்லலாமே, அதில் என்ன குற்றம்! செக்‌ஷனில் அவரைத் தவிரப் பதினாலு பேர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தரிடமும் கேட்டு எழுதி வாங்கி வருகிறேன் என்று போனார்.

ஒரு வாரம் கழித்து நோட்டு நிறைந்து வந்தது. ஆவலாகத் திறந்தேன். முதல் பக்கத்தில் அவரைப் பற்றி நாலே வரி. அதுவும் அவர்கள் வற்புறுத்தி எழுத வைத்ததாம். அப்புறம் பக்கம் பக்கமாக அந்தப் பதினாலு பேரைப் பற்றி! அவர்கள் தன்னைப் பற்றிச் சொன்னால் பதிலுக்குத் தான் ஒன்று சொல்ல வேண்டாமா, அதுதானே முறை என்று ஒவ்வொருத்தருக்கும் ஒரு குணத்தை எழுதியிருக்கிறார். திட்டுவதற்கு வாயெடுத்தவள் படிக்க ஆரம்பித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீதா இம்பேஷன்ட், அதனால் நிதானமாகக் கையால் செய்கிற வேலை அவளுக்கு ஆகாது, மெஷினில் சுற்றக் கொடுத்தால் அதே குணம் குயிக் ஆகிவிடுகிறது. சரோஜா ஷை இல்லை, ரிசர்வ்டு. கேட்டால் சொல்லுவாள், கேட்கிறவர்தான் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் இந்தப் பாடத்தை இப்படி ஒருத்தரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. ரேவதி என்ற பெண்ணின் பெயருக்கு எதிரே ஒரு வார்த்தையை அடித்துவிட்டு இன்னொன்று எழுதியிருந்தது. இது என்ன என்று கேட்டேன்.

“பழைய சூப்பர்வைசர் அவளை ஸ்டப்பர்ன்னு எழுதி வெச்சுட்டுப் போனாருங்க, ஓடாத மோட்டாரை என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்காம கீழ வெக்கமாட்டா, அதுக்குப் பேரு பர்சிஸ்டன்ட்டுதானுங்க மிஸ்?”

செவ்வாய்க்கிழமை

இண்டர்வியூ ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஒன்றரை மணிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மூணு மணிக்கும் எடுக்கவில்லை. சாயங்காலம் வகுப்பில் ஒருத்தருக்கும் பாடம் ஓடவில்லை. தங்கவேலு அண்ணன் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருந்தார். ஏழு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மல்லிகா வந்தார், கோட்டுகூடக் கழற்றவில்லை, முகத்தைப் பார்த்தால் அழுத முகம். போச்சு என்று நினைத்தேன். அன்வர் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரே சொல்லட்டும் என்று இருந்தோம்.

மூணு பேர் உட்கார்ந்திருந்தார்களாம், நடுவில் ஹெட் ஆபீஸிலிருந்து வந்த ஓர் அம்மா. அதே கேள்விதான், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். கூட வேலை செய்பவர்கள் என்னை இப்படிச் சொல்கிறார்கள் என்று மல்லிகா நாலு வரியையும் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டார். அந்த அம்மா சும்மா விடவில்லை. அவர்கள் சொல்வது இருக்கட்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த பத்து வாக்கியமும் எங்கே போனதோ போயிற்று. சரி, உங்களோடு வேலை செய்கிறவர்களைப் பற்றியாவது சொல்லுங்கள் என்று அந்த அம்மா கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கீதா, சரோஜா, ரேவதி என்று பதினாலு பேரையும், யாருக்கு என்ன குணம், அந்தக் குணத்துக்கு எந்த வேலை பொருந்தும், யாரை எங்கே உட்காரவைத்த பிறகு மோட்டார் திரும்பி வருவது நின்றது என்று கால் மணி நேரம் பேசினாராம். எல்லாம் இங்கிலீஷில். மூணு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

முடித்ததும் அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவர்களை இப்படி இடம் பார்த்து உட்காரவைத்தது யார்? எல்லாரும் சேர்ந்துதானுங்க என்று சொல்லத்தான் வாய் போயிருக்கிறது. “அப்பத்தானுங்க மிஸ் நினைச்சேன்” என்றார் மல்லிகா. “எல்லாருமுன்னு சொன்னா அது பொய்யுங்க. ரெண்டு சூப்பர்வைசருமே வேண்டாமுன்னுதான் சொன்னாங்க. அவங்க லீவு போட்ட அன்னைக்குப் பார்த்து நான்தான் இடத்தை மாத்தி மாத்தி வெச்சேன். பொய் சொல்லக்கூடாதல்லங்க?” தங்கவேலு அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “அட, என்னதான் சொன்னீங்க அம்மணி, வெரசாச் சொல்லுங்க!” என்றார். மல்லிகா கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். வேலை உத்தரவு. எனக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது, அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

“‘ஐ டிட், மேடம்’னு சொல்லிப்போட்டனுங்க மிஸ்; அவங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கலைங்க.”

ஆக, எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் தன்னைப் பற்றி உள்ளதை ரெண்டே வார்த்தையில் சொல்வதற்கு மூணு இண்டர்வியூவும் பதினாலு சாட்சியும் ஒரு டீச்சரின் ரத்தக்கொதிப்பும் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.